‘வைல்ட் வைல்ட் கன்ட்ரி’: ஓஷோ ஆவணத் தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்ஃபிளிக்ஸில் 2018 மார்ச்சில் வந்த தொடர் இது. வந்து இத்தனை வருடம் ஆகியும், புதிதாகப் பார்த்துவிட்டு ‘இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?’ என்று கேட்பவர்கள் குறையவில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கதை முன்கூட்டியே தெரியக்கூடாது என்பவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கீழே எதையும் மறைக்கவில்லை.

இது எதைப் பற்றிய படம்?

இன்று நாம் ஓஷோ என்று சொல்லும் பகவான் ரஜனீஷின் சீடர்கள், 1981-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வறண்ட மலைப்பகுதியில் ஒரு பண்ணையை வாங்கி, அங்கே ஒரு நகரத்தையே கட்டினார்கள். பெயர் ரஜனீஷ்புரம். நான்கே வருடத்தில் அது மூடப்பட்டது. இடையில் குண்டுவெடிப்பு, தேர்தல் தந்திரம், உணவில் கிருமி, கொலை முயற்சி, ஒட்டுக்கேட்பு, நாடு கடத்தல் என்று எல்லாம் நடந்து முடிந்தன. அந்த நான்கு வருடத்தைத்தான் ஆறு பகுதிகளில் சொல்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

இயக்கியவர்கள் சாப்மன் வே, மக்லேன் வே என்ற சகோதரர்கள். முந்தைய படம் ஒன்றுக்காகப் பழைய காட்சிகளைத் தேடிப் போனபோது, யாரும் தொடாமல் கிடந்த சுமார் 300 மணி நேர ஒளிப்பதிவு இருப்பதாக ஓர் ஆவணக் காப்பாளர் இவர்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து உள்ளூர் டிவிக்காரர்கள் எடுத்தது. தொடரின் பலமே அதுதான். நடிகர்களை வைத்து ‘மறுஉருவாக்கம்’ செய்யும் தொல்லை இதில் இல்லை. நடந்ததையே பார்க்கிறோம். அந்த ஆண்டு சிறந்த ஆவணத் தொடருக்கான எம்மி விருதும் கிடைத்தது.

ஓஷோவின் வாழ்க்கையும் தத்துவமும் இதில் வருமா?

அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். மத்தியப் பிரதேசத்தில் 1931-இல் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர், ஜபல்பூரில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர், 1974-இல் புனேயில் ஆசிரமம் அமைத்தவர் என்ற பின்னணியைத் தொடர் வேகமாகக் கடந்துவிடுகிறது. அவர் என்ன பேசினார், ஏன் படித்த மேல்நாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள் என்பதற்கு ஆழமான விளக்கம் இல்லை. போதாக்குறைக்கு, கதையின் பெரும்பகுதி நடக்கும்போது அவர் மௌனத்தில் இருக்கிறார். 1981-இல் தொடங்கிய பொது மௌனத்தை 1984 இறுதியில்தான் கலைத்தார்.

ஆகவே தொடரின் மையத்தில் ஒரு நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அதைச் சுற்றி மற்றவர்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், அழுகிறார்கள். எனக்கு இது குறையாகப் படவில்லை. ஒரு குரு பேசாமல் இருக்கும்போது அவர் பெயரால் எத்தனை பேர் பேசலாம் என்பது இப்படித்தான் தெரிகிறது.

இந்தியாவை விட்டு ஏன் போனார்கள்?

புனே ஆசிரமம் கூட்டம் தாங்காமல் திணறியது. மொரார்ஜி தேசாய் ஆட்சிக்காலத்தில் அரசோடு உரசல், வரிவிலக்குச் சிக்கல், பெரிய இடம் தேடி அலைந்தும் கிடைக்காத நிலை. குரு 1981 ஜூனில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். சொல்லப்பட்ட காரணம் முதுகுவலிக்கு மருத்துவம். அடுத்த மாதமே, அவருடைய செயலாளர் மா ஆனந்த் ஷீலா 57.5 லட்சம் டாலருக்கு ‘பிக் மட்டி’ என்ற பண்ணையை வாங்கிவிட்டார். 64,000 ஏக்கருக்கு மேல், அதாவது சுமார் 260 சதுர கிலோமீட்டர். மேய்ந்து மேய்ந்து வீணாய்ப் போன நிலம் அது. அணை கட்டி, மரம் நட்டு, விமான ஓடுதளம் வரை போட்டார்கள். அந்த உழைப்பைப் பற்றி எதிரிகள்கூடக் குறை சொல்வதில்லை.

நாற்பது பேர் இருக்கும் ஊரோடு அவர்களுக்கு என்ன சண்டை?

பலர் இதை ‘கிறிஸ்தவர்கள் எதிர் இந்து சாமியார்’ என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த வெறுப்பும் இருந்தது, படத்திலேயே தெரிகிறது. ஆனால் சண்டையின் வேர் பட்டா, பர்மிட் சமாச்சாரம்.

ஓரிகனில் 1973 முதல் நிலப் பயன்பாட்டுச் சட்டம் மிகக் கடுமை. விவசாய நிலத்தில் நினைத்தபடி ஊர் எழுப்ப முடியாது. பண்ணை வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் அதற்கேற்ற சில வீடுகள், அவ்வளவுதான். சன்னியாசிகளுக்கு (ரஜனீஷின் சீடர்களை அப்படித்தான் அழைத்தார்கள்) தேவைப்பட்டதோ ஆயிரக்கணக்கானோர் தங்கும் நகரம். சரி, சட்டப்படியே ஒரு நகராட்சி அமைத்துவிடுவோம் என்று 1982-இல் தங்களுக்குள் வாக்கெடுத்து ரஜனீஷ்புரத்தை நகரமாக அறிவித்தார்கள். நிலப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று உடனே வழக்குப் போட்டது.

இழுபறி நடக்கும்போது அச்சகம், அலுவலகம் எல்லாம் எங்கே வைப்பது? பக்கத்தில் ஆன்டிலோப் என்ற சின்ன ஊர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள். சன்னியாசிகள் அங்கே வீடுகளை வாங்கிக் குடியேறினார்கள். ஊரைப் பிடித்துவிடுவார்களே என்று பயந்த ஆன்டிலோப் மக்கள், 1982 ஏப்ரலில் ‘நம் நகராட்சியையே கலைத்துவிடுவோம்’ என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். அதிலும் தோற்றார்கள், அதற்குள் எதிர்த்தரப்பின் ஓட்டு கூடிவிட்டிருந்தது. மன்றம் கைமாறியது, வரி கைமாறியது, பிறகு ஊர்ப் பெயரே ‘ரஜனீஷ்’ என்று மாறியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். வீடு வாங்கியது சட்டப்படி, ஓட்டுப் போட்டதும் சட்டப்படி. ஆனாலும் காலையில் எழுந்தால் சொந்த ஊரின் பெயர் மாறிக் கிடப்பது எப்படி இருக்கும்? தொடரின் முதல் இரண்டு பகுதிகளில் நான் யார் பக்கம் என்பதைக் குறைந்தது ஐந்து முறை மாற்றிக்கொண்டேன்.

சாலட்டில் கிருமி கலந்தது உண்மையா? கேட்கவே சினிமா மாதிரி இருக்கிறதே?

உண்மை. தொடரில் இருப்பதைவிட ஆவணங்களில் இன்னும் பயங்கரமாக இருக்கிறது.

ரஜனீஷ்புரம் இருந்த வாஸ்கோ கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தில் மொத்தம் மூன்று இடங்கள். 1984 நவம்பரில் அவற்றில் இரண்டுக்குத் தேர்தல். இரண்டையும் பிடித்தால் கட்டட அனுமதி முதல் எல்லாம் தங்கள் கையில். அதற்கு இரண்டு வழிகள்: தங்கள் ஓட்டைக் கூட்டுவது, அடுத்தவன் ஓட்டைக் குறைப்பது. இரண்டையும் முயன்றார்கள்.

கூட்டும் வழி: அமெரிக்காவின் பல நகரங்களிலிருந்து வீடற்றவர்களைப் பேருந்துகளில் ஏற்றி வந்தார்கள். சாப்பாடு, உடை, படுக்கை, பீர் எல்லாம் இலவசம். முதல் நாட்களில் அந்த மனிதர்கள் சந்தோஷமாகப் பேசும் காட்சிகள் இருக்கின்றன. நடிப்பு அல்ல. பலருக்கு வெகு காலத்துக்குப் பிறகு ஒருவர் ‘வாங்க’ என்று சொல்லியிருக்கிறார். பிறகு, அவர்களைக் கட்டுக்குள் வைக்க பீரில் ஹால்டால் என்ற மனநல மருந்தைக் கலந்திருக்கிறார்கள். கவுன்டி அலுவலகம் புதிய வாக்காளர் பதிவை முடக்கி, ஒவ்வொருவரையும் நேரில் விசாரிப்போம் என்றதும், இவர்களால் பயன் இல்லை என்று பக்கத்து ஊர்களில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். குளிர் தொடங்கும் நேரத்தில்.

குறைக்கும் வழி: ஆகஸ்ட் இறுதியில் கவுன்டி அதிகாரிகள் ரஜனீஷ்புரத்துக்கு வந்தார்கள். வெயில். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் நீட்டுவதும் அதைத்தானே. அந்தத் தண்ணீரைக் குடித்த இருவரும் படுக்கையில் விழுந்தார்கள், ஒருவர் பிழைத்ததே பெரிது. டம்ளரில் இருந்தது வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி. அது சோதனை ஓட்டம்.

செப்டம்பரில் கவுன்டியின் தலைநகரான தி டேல்ஸில் பத்து உணவகங்கள். நம் பஃபே போல, காய்கறி, டிரெஸ்ஸிங் எல்லாம் திறந்து வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளும் ‘சாலட் பார்’ முறை. பிளாஸ்டிக் பையில் கொண்டுபோன கிருமிக் கரைசலை அங்கே தெளித்தார்கள், காபிக்கான க்ரீமிலும் ஊற்றினார்கள். அதற்குத் தங்களுக்குள் ‘சல்சா’ என்று பெயர் வேறு. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் 751 பேருக்கு நோய். 45 பேர் மருத்துவமனையில். யாரும் சாகவில்லை என்பது அதிர்ஷ்டம்தான். அமெரிக்காவில் நடந்த மிகப் பெரிய உயிரியல் தாக்குதல் என்று இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம், அதிகாரிகள் முதலில் இதைக் கண்டுபிடிக்கவே இல்லை. உணவக ஊழியர்கள் கை கழுவாததுதான் காரணம் என்று அறிக்கை கொடுத்தார்கள். ஜேம்ஸ் வீவர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1985 பிப்ரவரியில் அவையில் எழுந்து ரஜனீஷ்புரத்தைச் சுட்டியபோது பலர் அவரை மதவெறியர் என்றார்கள். அந்த அக்டோபரில் சோதனை போட்டபோது ரஜனீஷ்புரத்து ஆய்வகத்தில் அதே வகைக் கிருமி குப்பியில் இருந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரை 1997-இல்தான் வெளியானது. வேறு யாராவது பார்த்துப் படித்துக்கொள்ளக்கூடாது என்ற பயம்.

அப்படியானால் ஷீலா வில்லிதானே? ஏன் பார்ப்பவர்களுக்கு அவரைப் பிடித்துப்போகிறது?

குஜராத்தின் பரோடாவைச் சேர்ந்த பெண். முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நகரத்தையே நடத்தினார். டிவி பேட்டியில் எதிரே இருப்பவர் வாயடைத்துப் போகிற மாதிரி பேசுவார். இன்று சுவிட்சர்லாந்தில் முதியோருக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் இல்லம் நடத்துகிறார். நரைத்த கிராப்புத் தலை, அமைதியான வீடு, கண்ணைப் பார்த்துப் பேசும் நிதானம். கேமரா அவரை விட்டு நகர மறுக்கிறது.

என் கருத்து, இயக்குநர்களும் அவர் வலையில் கொஞ்சம் விழுந்துவிட்டார்கள். கொலை முயற்சி, விஷமிட்டது, ஒட்டுக்கேட்பு, குடியேற்ற மோசடி என்று 20 ஆண்டு தண்டனை பெற்று, நன்னடத்தையால் 1988 டிசம்பரில் வெளியே வந்தவர். ஆறு பகுதியிலும் ‘தப்பு செய்துவிட்டேன்’ என்ற ஒரு சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு 2021-இல் அவரை வைத்தே இந்தியாவில் தனியாக ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள். தண்டனை பெற்றவர் பிரபலமாகி விருந்துகளுக்கு அழைக்கப்படும் காட்சிகளை அதில் பாருங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது.

ஷீலாவைவிட என்னைப் பாதித்தவர் ஜேன் ஸ்டோர்க் என்ற ஆஸ்திரேலியப் பெண். குடும்பத்தோடு இந்த இயக்கத்தில் சேர்ந்தவர். குருவைக் காப்பாற்றுவதாக நம்பி, 1985 ஜூலையில் கூட்டத்தின் நடுவே குருவின் மருத்துவரைக் கொல்வதற்காக அவருக்கு ஊசி போட்டார். மருத்துவர் தப்பினார். மத்திய அரசு வழக்கறிஞர் ஒருவரைக் கொல்லும் சதியிலும் இருந்தார். பல ஆண்டு ஜெர்மனியில் வாழ்ந்து, மகனுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தபின், ஊருக்குப் போய்ப் பார்க்க வழக்கு தடையாக நிற்க, 2005-இல் தானாகவே அமெரிக்க நீதிமன்றத்தில் போய் நின்றார். ‘நான் செய்தேன்’ என்று தட்டையான குரலில் சொல்கிறார். நியாயப்படுத்தவில்லை.

ஓஷோவுக்கு இதெல்லாம் தெரியுமா, தெரியாதா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். ஷீலா 1985 செப்டம்பர் நடுவில் ஐரோப்பாவுக்குப் பறந்தார். இரண்டே நாளில் ஓஷோ பத்திரிகையாளர்களைக் கூட்டி, எல்லாக் குற்றமும் ஷீலா கும்பல் செய்தது என்று அறிவித்தார். போலீஸ் உள்ளே நுழைந்ததே அதற்குப் பிறகுதான்.

விஷ வழக்கில் ஓஷோ மீது குற்றச்சாட்டு பதிவாகவில்லை. அவர் மாட்டியது குடியேற்றச் சட்டத்தில்: விசாவில் பொய் சொன்னது, சீடர்களின் போலித் திருமணங்களுக்குத் துணை போனது. அக்டோபர் இறுதியில் வட கரோலைனாவின் சார்லட்டில் விமானம் இறங்கியதும் கைது. நவம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ‘உங்களிடம் இருக்கும் சாட்சியம் தண்டனைக்குப் போதுமானது’ என்று மட்டும் ஏற்கும் ஒரு வகை உடன்பாடு. நாலு லட்சம் டாலர் அபராதம் கட்டி நாட்டை விட்டு வெளியேறினார்.

சீடர்கள் ‘அவர் மௌனத்தில் இருந்தார், ஷீலா ஏமாற்றினார்’ என்பார்கள். ஆனால் தினமும் அவரைத் தனியாகச் சந்தித்தவர் ஷீலா. அவ்வளவு கூர்மையான மனிதருக்கு ஒன்றுமே தெரியாது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. தொடர் இதில் தீர்ப்புச் சொல்லாமல் நழுவுகிறது.

93 ரோல்ஸ் ராய்ஸ் கார் நிஜமா?

நிஜம். மதியம் அவரே ஒரு காரை மெதுவாக ஓட்டி வருவார், சாலையோரம் சிவப்பு உடையில் வரிசையாக நிற்பார்கள், காரின் மேல் பூ வைப்பார்கள். நம் ஊர் தேர்வலம் மாதிரிதான், இழுக்க ஆள் தேவையில்லை.

படம் ஓஷோவுக்கு எதிரானதா, ஆதரவானதா?

இரண்டு பக்கமும் ‘எதிரானது’ என்கிறது. அதுவே ஒரு நற்சான்று. ஓஷோவின் வழக்கறிஞராக இருந்த நிரேன் பேசும் பகுதிகளைக் கவனமாகப் பாருங்கள். முப்பது வருடம் கழித்தும், குருவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் குரல் உடைந்து கண் கலங்குகிறார். சட்டம் படித்தவர், வாதம் தெரிந்தவர். ‘மூளைச் சலவை’ என்ற ஒரே சொல்லில் அவரை அடைத்துவிட முடியாது. மறுபக்கம், துப்பாக்கி பற்றிப் பேசும்போது கண் மின்னும் ஓரிகன்காரர்களையும் காட்டுகிறார்கள். ரஜனீஷ்புரத்தார் ஆயுதம் வாங்கியதும் காரணமில்லாமல் அல்ல. 1983 ஜூலையில் போர்ட்லாண்டில் அவர்களுடைய ஹோட்டலில் குண்டு வெடித்தது.

இன்னொரு பின்னணி: 1978 நவம்பரில்தான் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஜிம் ஜோன்ஸ் என்ற மதக்குழுத் தலைவரின் சீடர்கள் 900-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அங்கே கொல்லப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனின் மகளே பிறகு ரஜனீஷின் சீடராக இருந்தார். ஓரிகன்காரர்களின் பயத்தை வெறும் இனவெறி என்று தள்ளிவிட முடியாததற்கு இது போதும்.

படம் எதை விட்டுவிட்டது?

முதலாவது, குழந்தைகள். கம்யூனில், அதாவது சீடர்கள் கூட்டாக வாழ்ந்த இடத்தில், வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பது பற்றி ஆறு மணி நேரத்துக்கும் மேலான தொடரில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அங்கே வளர்ந்த பெண்கள் தங்களுக்கு நடந்த பாலியல் சுரண்டலைப் பற்றிப் பேசும் ஆவணப்படம் 2024-இல் வந்தது. அதைப் பார்த்தபின் இந்தத் தொடரில் சிரித்து ஆடும் காட்சிகள் வேறு மாதிரி தெரிகின்றன.

இரண்டாவது, நோயில் விழுந்த 751 பேர். அவர்களில் எத்தனை பேரின் முகம் உங்களுக்கு நினைவிருக்கிறது? ஷீலாவின் முகம் நினைவிருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான். இந்தத் தொடர் மீது எனக்கு இருக்கும் பெரிய புகார் அதுதான்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். நிர்வாணக் காட்சிகள் உண்டு. புனே காலத்து ‘சிகிச்சைக் குழு’ ஒன்றில் ஒருவரை ஒருவர் தாக்கிக்கொள்ளும் பழைய காட்சியும் உண்டு. பிள்ளைகள் தூங்கியபிறகு பாருங்கள்.

ஓஷோ புத்தகங்களைப் படிக்கிறவன் நான். இதைப் பார்த்தால் மனம் கெட்டுவிடாதா?

கொஞ்சம் கெடும். தமிழில் அவர் புத்தகங்களைப் படிப்பவர்களில் பலருக்கு ஓரிகன் கதை தெரியவே தெரியாது, ஏனென்றால் ‘ஓஷோ’ என்ற பெயரே 1989-இல் வந்தது. நான்கு வருடச் செய்தித்தாள் தலைப்புகள் எல்லாம் ‘ரஜனீஷ்’ என்ற பழைய பெயரோடு போய்விட்டன. மறு வருடம் ஜனவரி 19 அன்று புனேயில் இறந்தார். என் அலமாரியிலும் அவருடைய நாலைந்து புத்தகங்கள் இருக்கின்றன. தூக்கிப் போடவில்லை. ஆனால் ‘பொறுப்பு’ என்ற சொல் வரும் பக்கங்களில் முன்பு போல அடிக்கோடு போட முடியவில்லை.

அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது?

பண்ணையை 1991-இல் டென்னிஸ் வாஷிங்டன் என்ற தொழிலதிபர் வாங்கி, பிறகு ஒரு கிறிஸ்தவ இளைஞர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். கோடையில் பள்ளிப் பிள்ளைகள் முகாமுக்கு வருகிறார்கள். ஆன்டிலோப் 1985 நவம்பரிலேயே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது. அங்கே அஞ்சலகக் கொடிக்கம்பத்தின் அடியில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். 1981 முதல் 1985 வரையிலான ரஜனீஷ் ‘படையெடுப்பின்’போது ஊரை விட்டுப் போகாமல் எதிர்த்து நின்றவர்களுக்கு அது அர்ப்பணம்.